இன்னும் ஒரே ஒரு பாட்டு

ஆஸ்டின் டவுனில், மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது சந்தில், கிளிஃபர்ட் சவுண்ட்ஸ் என்று போர்டு மாட்டிய கடையின் மாடிக்கு ஒரு ஜூன் மாதம் பவுலின் இரண்டு பெரிய பெட்டிகளோடு திரும்பி வந்தாள். தம்பி கிளிஃபர்டிடம், "இனி கப்பலுக்குப் போகல" என்றாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "போதும்" என்று மட்டும் சொன்னாள். பதினைந்து வருஷம் கடலில் இருந்தவள், நாற்பத்து நான்கு வயசு, கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. ஓய்வு எடுக்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அவன் மனைவி அன்னாதான் முதலில் கவனித்தாள். காலையில் பத்து மணி ஆனால் பவுலின் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து நிற்பாள். தொண்டையைச் சரிசெய்துகொள்வாள். உதடு அசையும். ஒருநாள் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கையில் பிடித்தபடியே, சுவரைப் பார்த்து, கணீரென்று, "குட் மார்னிங், குட் மார்னிங், மை லவ்லி பீப்பிள்!" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"பழக்கம்" என்றாள் அன்னாவிடம். அன்னா அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள்.

பவுலின் செய்த வேலைக்கு க்ரூஸ் டைரக்டர் என்று பெயர். கப்பலை ஓட்டுகிறவர் கேப்டன், கப்பலில் வந்த ஜனங்களை ஓட்டுகிறது எங்க அக்கா என்று கிளிஃபர்ட் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அது உண்மைதான். பதினாறு வயசில் சர்ச் ஃபீஸ்டில் ஹவுஸி ஆட்டத்துக்கு நம்பர் கூப்பிட ஆரம்பித்தவள். அப்புறம் மால்களில் சனி ஞாயிறு மைக் பிடித்தாள். இருபத்தொன்பதில் கப்பலில் பலூன் ஊதுகிற வேலைக்குச் சேர்ந்தாள். பத்து வருஷத்தில், வெள்ளைக்காரர்களே உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் என்று ஐந்து நாள் சுற்றிவரும் 'மெரிடியன் ப்ளூம்' என்ற கப்பல். இரண்டாயிரம் பயணிகள். காலை பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் மணி இரண்டு தடவை அடித்து அவள் குரல் வந்தால்தான் அவர்களுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

ஒவ்வொரு அறைக் கதவுக்கடியிலும் முந்தின இரவே ஒரு தாள் நுழைந்திருக்கும். பதினொரு மணிக்கு வினாடி வினா, பன்னிரண்டுக்கு சமையல் செய்முறை, மூன்றுக்கு நீச்சல் குளத்தருகே ஆட்டம் பாட்டம். சாப்பாட்டு வரிசை நீண்டால் கப்பலின் மறுமுனையில் ஒரு போட்டி வைப்பாள், வரிசை பாதியாகிவிடும். மழையால் ஒரு ஊரில் இறங்க முடியாமல் போனால் அரை மணி நேரத்தில் ஒரு முழு நாளையே புதிதாகச் செய்து கொடுப்பாள். ஊர் சுற்ற முடியாத ஏமாற்றத்தை மறந்து, அதுதான் ரொம்ப நல்ல நாள் என்று எழுதிவிட்டுப் போவார்கள். தங்கள் இஷ்டத்துக்குத் திரிகிறோம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நாலு மணிக்கு யார் எங்கே நிற்பார்கள் என்பதைப் பவுலின் முந்தின நாளே முடிவு செய்திருப்பாள்.

தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு அவள் ஒரு பாடம் சொல்லித் தருவாள். "கைதூக்கறவங்களை மேடைக்குக் கூப்பிடாதீங்க. கூட்டத்துக்கு அவங்கள பிடிக்காது. ஹேண்ட்பேகை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, காலால மட்டும் தாளம் போட்டுக்கிட்டு ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க. அவங்களைக் கூப்பிடுங்க. முதல்ல வரமாட்டாங்க. விடாதீங்க."

சின்னத்தாயி அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பயணத்தின் முதல் நாளே அவளையும் அவள் கணவர் கோவிந்தனையும் பவுலினுக்குத் தெரிந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்காட்டும் பயிற்சியில் கோவிந்தன் நீல நிற அரைக்கைச் சட்டைமேல் அதைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு நின்றார். பவுலின் தமிழில், "சார், திருப்பிப் போடுங்க" என்றாள். அவர் கண்ணை விரித்தார்.

"நம்ம ஊராம்மா?"

"பெங்களூர் சார். ஆஸ்டின் டவுன்."

"அடப்பாவமே! நாங்க ஆடுகோடி! நடந்தா அரை மணி. இங்க வந்து கடல் நடுவுல பாக்குறோம்!"

ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் லேத் மிஷினில் நின்றவர் கோவிந்தன். தாத்தா காலத்திலேயே கோலார் பக்கத்தில் புத்த மார்க்கத்துக்கு வந்த குடும்பம். பினாங்கில் படுத்திருக்கும் பெரிய புத்தரைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. மகள் சங்கமித்ரா எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம், அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு இந்த டிக்கெட்டை வாங்கிக் கொடுத்திருந்தாள். மூன்றாம் நாள் பினாங்கில் இறங்கி, புத்தரைப் பார்த்து, திரும்பும்போது கப்பல் வாசலில் நின்ற பவுலினின் கையில் கோவிந்தன் ஒரு வெள்ளைப் பூவை வைத்தார். "உனக்கும் சேத்து கும்பிட்டேம்மா, உன் சாமி வேறயா இருந்தாலும்" என்றார்.

நாலாம் நாள் எந்த ஊரும் கிடையாது, முழுக்கக் கடல். மூன்று மணிக்கு நீச்சல் குளத்துத் தளத்தில் அறுபது தாண்டிய பெண்களுக்கு நடனப் போட்டி. பச்சைப் புடவையில் சின்னத்தாயி மூன்றாவது வரிசையில் பையை அணைத்தபடி இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

"சார் எங்க ஆன்ட்டி?"

"மதியச் சாப்பாடு ஒத்துக்கல. நெஞ்செரிச்சலாம். செத்த நேரம் படுத்துட்டு மூணரைக்கு வரேன்னாரு. நான் இருக்கேன்னேன். நீ போ, நல்லா இருக்கும்னு தொரத்திட்டாரு."

"அப்ப வாங்க, அவர் வர்றதுக்குள்ள ஒரு ஆட்டம் போடலாம்."

"ஐயோ, நான் மாட்டேன் பாப்பா."

பவுலின் மைக்கை உயர்த்தினாள். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், எங்க ஊர் ஆன்ட்டி! பெங்களூர் ஆன்ட்டி!" முந்நூறு பேர் கைதட்டினார்கள். சின்னத்தாயி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பவுலின் கையை நீட்டியபடி நின்றாள், விடவில்லை. கடைசியில் பை நாற்காலிக்குப் போனது, சின்னத்தாயி தரைக்கு வந்தாள். முதல் பாட்டில் கையை மட்டும் அசைத்தாள். இரண்டாவதில் இடுப்பு வளைந்தது. மூன்றாவதில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் போட்ட ஆட்டத்தில் மற்ற ஐந்து பெண்களும் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. மூச்சிரைக்க சின்னத்தாயி பவுலினின் முழங்கையைப் பிடித்தாள்.

"போதும் பாப்பா. நான் போய் அவரை ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்."

அந்த நொடியில்தான் பவுலினின் காதில் மாட்டியிருந்த கருவியில் பாதுகாப்பு அதிகாரியின் குரல் வந்தது. ஏழாம் தளம், எழுபத்திரண்டு பதினான்கு, மருத்துவ அவசரம். பயணியின் மனைவி உன் நிகழ்ச்சியில் இருக்கிறார், பச்சைப் புடவை. நாங்கள் ஆள் அனுப்பும்வரை அங்கேயே வைத்திரு. ஒன்றும் சொல்லாதே. நடைபாதை காலியாக வேண்டும்.

தளத்துக் கடிகாரம் மூன்று இருபத்திரண்டு காட்டியது.

பவுலின் சிரித்தாள். இவ்வளவு வருஷமாகச் சிரித்த அதே சிரிப்பு. சின்னத்தாயியின் கையை விடாமல், மறு கையால் மைக்கை வாயருகே கொண்டுபோய், "எங்க ஆன்ட்டியை விடலாமா? இன்னும் ஒரே ஒரு பாட்டு! ஒன் மோர்?" என்றாள்.

"ஒன் மோர்! ஒன் மோர்!" என்று தளமே அதிர்ந்தது.

சின்னத்தாயி ஒரு கணம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். லிஃப்ட் கதவு மூடியிருந்தது. பிறகு பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பாட்டு நாலு நிமிஷம். பிறகு பவுலின் அவளுக்கு அட்டைக் கிரீடம் சூட்டினாள். கேப்டன் கையெழுத்திட்ட சான்றிதழ் கொடுத்தாள். போட்டோகிராஃபரைக் கூப்பிட்டாள். முதல் போட்டோவில் கண் மூடிவிட்டது என்று இன்னொன்று எடுக்கச் சொன்னாள். அதற்கிடையில் எத்தனையோ முறை லிஃப்ட் கதவைப் பார்த்தாள். மூன்று முப்பத்து மூன்றுக்கு அது திறந்து, கோட்டுப் போட்ட ஒரு பெண் அதிகாரி இறங்கி வந்து, சின்னத்தாயியின் தோளில் கைவைத்து மெதுவாக அழைத்துப்போனாள். கிரீடத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

பவுலின் அடுத்த போட்டியை அறிவித்தாள்.

ஆறு மணிக்கு போட்டோ விற்கிற கூடத்தில் அந்தப் படம் மாட்டியிருந்தது. கிரீடமும் பச்சைப் புடவையும் வாய்நிறையச் சிரிப்பும். பவுலின் அதை எடுத்துக் கிழித்தாள். "ஏன்? நல்ல படம், விலை போகுமே" என்றான் போட்டோகிராஃபர். ராத்திரி வழக்கம்போல நாடக அரங்கின் வாசலில் நின்று எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். மறுநாள் பத்து மணிக்கு, "குட் மார்னிங், குட் மார்னிங், மை லவ்லி பீப்பிள்!" என்றாள். குரல் நடுங்கவில்லை. துளிகூட. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதற்கு மூன்றாம் நாள் மருத்துவரின் அறிக்கை நகல் அவள் மேஜைக்கு வந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்பதால் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். உதவி எண்ணுக்குப் பயணியே போன் செய்த நேரம் மூன்று பத்தொன்பது. உயிர் பிரிந்த நேரம் மூன்று முப்பத்தொன்று. பவுலின் அதை மூன்று தடவை படித்தாள். அவள் காதில் செய்தி வந்தபோது கோவிந்தன் உயிரோடு இருந்தார். சின்னத்தாயி ஆடிய கடைசிப் பாட்டு முடிந்தபோதும் இருந்தார். கிரீடம் சூட்டும்போதும்.

அந்த வாரமே ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் ரயான் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். பிலிப்பைன்ஸ்காரன், ஐம்பது வயசு, ஏழாம் தளத்து அறைகளைச் சுத்தம் செய்கிறவன். அன்று துண்டுகளோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு முதலில் கதவைத் திறந்தவன் அவன்தான்.

"பவுலின், உங்கள் மொழியில் 'தாயி' என்றால் என்ன? அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்."

பவுலின் கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா" என்றாள்.

ரயானின் முகம் இளகியது. "அப்படித்தான் நினைத்தேன். கடைசியில் எல்லாரும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்" என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

அது அம்மா இல்லை, மனைவியின் பெயர் என்று அவள் சொல்லவில்லை. அவள் நிகழ்ச்சியை நடத்திய விதத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் முடியும்வரை நாலு மாதம் வேலை பார்த்துவிட்டு பவுலின் ஊருக்கு வந்துவிட்டாள்.

ஊரிலும் விடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினால் அவளுக்கு 'ஒன் மோர்' என்று கேட்கும். பக்கத்துத் தெருவில் பாண்டு வாத்தியம் போனால் அதற்குள்ளே முந்நூறு பேர் கைதட்டுவார்கள். எல்லாவற்றையும்விட லிஃப்ட். எந்தக் கட்டிடத்திலும் லிஃப்ட் கதவைப் பார்த்தபடி அவளால் நிற்க முடியாது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் கதவு திறக்கும் சத்தத்துக்குக் கழுத்து தானாகத் திரும்பும். உள்ளேயிருந்து கோவிந்தன் வரப்போகிறார் என்று தோன்றும். நீல நிற அரைக்கைச் சட்டையில், மூன்றரைக்கு வரேன் என்று சொன்னபடி.

சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று கிளிஃபர்ட் அவளைக் கல்யாண வரவேற்புகளுக்கு மைக் பிடிக்கக் கூட்டிப்போனான். ஐந்தாறு விசேஷங்கள் நன்றாகவே போயின. ஜனங்கள் அவளைக் கொண்டாடினார்கள். செப்டம்பரில் குக் டவுனில் ஒரு மத்தியான வரவேற்பு. மூன்றாவது மாடியில் ஹால். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஆடக் கூப்பிட்டு, பெரியவர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் பவுலின். பெண்ணின் பெரியம்மா ஒருவர், "போதும்மா, முட்டி வலிக்குது" என்று ஒதுங்கப் பார்த்தார். பவுலினின் கை தானாக நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. "இன்னும் ஒரே ஒரு" என்று வாய் ஆரம்பித்துவிட்டது. அதே சமயம் ஹாலின் கோடியில் லிஃப்ட் திறந்து, நீலச் சட்டை போட்ட ஒரு கிழவர் தடுமாறி வெளியே வந்தார்.

பவுலின் அந்தக் கையை உதறினாள். "போங்க. போய்ப் பாருங்க. உடனே போங்க!" என்று மைக்கிலேயே கத்தினாள். நானூறு பேர் சாப்பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா பயந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நீலச் சட்டைக்காரர், தன்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டார். கிளிஃபர்ட் ஓடிவந்து பாட்டைப் போட்டு, மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் வைத்துப் பவுலின் முதல்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். நேரங்களையும் சொன்னாள். ரயான் கேட்டதையும் சொன்னாள்.

"மேலதிகாரி சொன்னான், நீ செஞ்ச. உன் வேலைதானே அக்கா அது? உன்னால அந்த ஆள் சாகலையே" என்றான் கிளிஃபர்ட்.

பவுலின் அன்னாவைப் பார்த்தாள். அன்னா ஒரு ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருஷமாக நர்ஸ். அவள் நாற்காலியைப் பவுலினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நாங்களும் உள்ள விடமாட்டோம் அக்கா. டாக்டர் நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருக்கும்போது சொந்தக்காரங்க பாக்கக் கூடாது. ஆனா கதவுக்கு வெளியில நிக்க விடுவோம். பேரைச் சொல்லிக் கூப்பிட விடுவோம். சில பேருக்கு அது கேக்கும்." பிறகு, "உங்ககிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது" என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பவுலின் ஆட்டோ பிடித்து ஆடுகோடிக்குப் போனாள். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து. இருபக்கமும் வெல்டிங் பட்டறைகள். கோவிந்தன் கப்பலில் சொல்லியிருந்த வீட்டு அடையாளத்தை அவள் மறந்திருக்கவில்லை. முதல் மாடியில் சின்னத்தாயியே கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். கூடத்து அலமாரியில் சின்ன புத்தர் சிலை, பக்கத்தில் கோவிந்தனின் படம், இரண்டுக்கும் வெள்ளைப் பூ.

"வா பாப்பா" என்றாள், நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுவதுபோல. "நீ ஒருநாள் வருவேன்னு எனக்குத் தெரியும். உக்காரு."

காபி கொண்டுவந்து வைத்தாள். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள். பவுலின் டம்ளரைத் தொடாமல் இருந்தாள். எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தக் கூட்டத்தையும் முதல் வாக்கியத்தில் பிடித்துவிடுகிறவளுக்கு ஒரே ஒரு பெண்மணியின் முன்னால் நாக்கு எழவில்லை. சின்னத்தாயியே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கி நான் போறேன்னு சொன்னேனே. அப்ப உன் காதுல அந்த மிஷின்ல யாரோ பேசினாங்க. உன் மூஞ்சி மாறுச்சு. ஒரு நொடிதான். அப்புறம் சிரிச்ச. அது என்னா?"

பவுலினின் கை தானாகத் தன் காதுக்குப் போனது.

"எங்க பாப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி டாக்டர்கிட்ட காட்டுச்சு. எனக்கு மனசு சரியில்லன்னு மாத்திரை. நான் அந்த மூஞ்சியத்தான் ஏழெட்டு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ண மூடினா அவரு மூஞ்சி வரமாட்டேங்குது. உன் மூஞ்சிதான் வருது. சொல்லு. அது என்னா?"

பவுலின் சொன்னாள். மூன்று பத்தொன்பது, மூன்று இருபத்திரண்டு, மூன்று முப்பத்தொன்று, மூன்று முப்பத்து மூன்று. ஒவ்வொரு நேரத்துக்கும் என்ன நடந்தது என்று, ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல். சின்னத்தாயி கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே பட்டறையில் ஒரு இரும்பைச் சீவும் சத்தம் எழுந்து நின்றது.

"தூக்கத்துலயே போயிட்டாருன்னு சொன்னாங்க."

"இல்ல ஆன்ட்டி. அவரேதான் போன் பண்ணியிருக்காரு."

"முழிச்சிருந்தாரா?"

"முழிச்சிருந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

இதைச் சொல்லாமல் போய்விடலாம் என்று வரும் வழியெல்லாம் பவுலின் நினைத்திருந்தாள். "அறையைச் சுத்தம் பண்றவர் ஒருத்தர் பக்கத்துல இருந்தாரு. நம்ம பாஷை தெரியாது. அவர் தாயி தாயின்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அதுக்கு என்ன அர்த்தம்னு என்கிட்ட கேட்டாரு. அம்மான்னு சொல்லிட்டேன். உங்க பேர்னு நான் சொல்லல ஆன்ட்டி."

 சின்னத்தாயியின் வாய் கோணியது, அழுகை வரவில்லை.

"நாப்பது வருசம். ஒருநாளும் என்னை அவரு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'இந்தா'ம்பாரு. 'பாப்பாம்மா'ம்பாரு." அவள் எழுந்தாள். பவுலின் தொடாத டம்ளரை எடுத்துப்போய் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வராமல் அடுப்படியிலேயே நின்று, "நீ போயிடும்மா. இப்ப என்னால உன்னைப் பாக்க முடியாது" என்றாள்.

பவுலின் தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலையே சங்கமித்ரா போன் செய்தாள்.  "மேடம், எதுக்கு வந்தீங்க? உங்க மனசுல இருந்த பாரத்தை எங்கம்மா தலையில இறக்கி வைக்கவா? தூக்கத்துல போனார்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அதையாவது விட்டு வெச்சிருக்கலாம்ல?"

 "நீங்க சொல்றது நிஜம்தான்" என்றாள் பவுலின்.

இரண்டு நாள் கழித்து சங்கமித்ராவே மறுபடியும் பேசினாள். இந்தமுறை நிதானமாக. "நீங்க அம்மாகிட்ட சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? கம்பெனிக்கு அனுப்பப் போறேன்." பவுலின் எழுதிக் கொடுத்தாள். தான் செய்ததில் ஆரம்பித்து, தனக்கு வந்த பாராட்டுக் கடிதத்தின் நகல்வரை வைத்தாள். இனி எந்தக் கப்பலும் தன்னை எடுக்காது என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பத்தியில் பதில் வந்தது. குடும்பத்தின் துயரத்தில் பங்கேற்பதாகவும், பயணியின் உறவினரை ஒரு கலவரமான காட்சியிலிருந்து காப்பாற்றுவதே ஊழியர்களின் நோக்கம் என்றும் அதில் இருந்தது. அடுத்த பயணத்துக்குச் சலுகைக் கூப்பன் ஒன்றும் இணைத்திருந்தார்கள். சங்கமித்ரா ஒரு வக்கீலைப் பார்த்தாள். வழக்கு சிங்கப்பூரிலா இங்கேயா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

பவுலின் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். கிளிஃபர்டின் கடையில் உட்கார்ந்து ஒயர்களைச் சுற்றி வைத்தாள். பத்து மணிக்குத் தொண்டை சரிசெய்துகொள்வது மட்டும் நிற்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள் சின்னத்தாயியிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டாள்.

பவுலின் போனாள். இந்தத் தடவை காபி இல்லை. சின்னத்தாயி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே பாய் விரித்திருந்தது.

"உன்னை மன்னிச்சேன்னு சொல்லக் கூப்பிடல. அது எனக்கு வருமா வராதான்னு தெரியாது. நீ அந்தக் கதையை இன்னொருதரம் சொல்லு. மெதுவா. மூணு பத்தொம்பதுல ஆரம்பி. அவரு அறையில நடந்ததை மட்டும் சொல்லு. நான் ஆடினதைச் சொல்லாத."

பவுலினுக்கு முதலில் புரியவில்லை. சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை சுவரில், கதவைத் தொடுவதுபோல விரல் விரித்து இருந்தது. அப்போது புரிந்தது, அவள் அந்த அறைக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். பவுலின் மருத்துவர் அறிக்கையில் படித்ததையும் ரயான் சொன்னதையும் கோர்த்து, நிமிஷம் நிமிஷமாகச் சொன்னாள். மூன்று முப்பத்தொன்றுக்கு வந்ததும் நிறுத்தினாள். சின்னத்தாயி கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அவள் என்ன சொன்னாள் என்பது பவுலினுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் வா" என்றாள் சின்னத்தாயி.

அதிலிருந்து மாசம் ஒருமுறை பவுலின் ஆடுகோடிக்குப் போகிறாள். சங்கமித்ராவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவின் மாத்திரை பாதியாகக் குறைந்திருப்பதால் பேசாமல் இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சின்னத்தாயி புதிதாக ஏதாவது கேட்பாள். ஃபேன் ஓடினதா? ஜன்னல் திரை மூடியிருந்ததா? அவரு கட்டில்ல இருந்தாரா, தரையில இருந்தாரா? பவுலினுக்குத் தெரியாதவற்றை ரயானுக்கு எழுதிக் கேட்பாள். அவன் இப்போது வேறு கப்பலில், வேறு கடலில் இருக்கிறான். அந்தப் பெயரின் அர்த்தத்தை அவள் அவனிடம் திருத்திச் சொன்னபோது அவன் ஒரு வாரம் பதில் போடவில்லை. பிறகு, நினைவிருக்கிறதையெல்லாம் சொல்கிறேன் என்று எழுதினான்.

சென்ற மாதம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதைப் பவுலின் சின்னத்தாயியிடம் தமிழில் சொன்னாள்: அவர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தார். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார், பொத்தான் எல்லாம் மாட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது.

"கெளம்பியிருக்காரு" என்றாள் சின்னத்தாயி. கோவிந்தனின் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் காலு?" என்று கேட்டாள்.

பவுலின் அங்கேயே உட்கார்ந்து போனை எடுத்து ரயானுக்கு எழுதினாள். இருவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.